மலைநாட்டு ரோட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் செடான்: பெற்றோல் செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் கையில் இருந்த காரை விற்காமல் வைத்திருந்தவர்கள் மலைநாட்டில் நிறைய. லான்சர் எவலூஷன், இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ், கலன்ட் விஆர்-4, புளூபேர்ட் எஸ்எஸ்எஸ், சிவிக் விடிஐ, பிஎம்டபிள்யூ ஈ36 என்று நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் இன்றும் ஓடுகின்றன. இவற்றை வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. மலை எடுத்துக்கொள்ளும் பெற்றோல் எவ்வளவு, காரின் நோய் குடிக்கும் பெற்றோல் எவ்வளவு என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அதைப் பிரிக்காமல் செலவு செய்வதால்தான் பல நல்ல கார்கள் கெட்டுப் போகின்றன.

கண்டியில் இருந்தபோது லீட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடிய கார், நுவரெலியாவுக்கு ஏறும்போது 7க்கு இறங்குகிறது. கோளாறா?

பெரும்பாலும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர், நுவரெலியா சுமார் 1,868 மீட்டர். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள காரை அந்த 1,370 மீட்டர் மேலே தூக்க ஏறக்குறைய 20 மெகாஜூல் சக்தி வேண்டும். ஒரு லீட்டர் பெற்றோலில் 32 மெகாஜூல் இருக்கிறது. ஆனால் பழைய எஞ்சின் அதில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும், மிச்சம் சூடாகப் போய்விடும். அப்படியானால் கையில் வருவது 8 மெகாஜூல். தூக்குவதற்கு மட்டும் இரண்டரை லீட்டர் வேண்டும்.

கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாகத் தூரம் 77 கிலோமீட்டர் அளவில் வரும். சமதரையில் லீட்டருக்கு 10 ஓடும் கார் இந்தத் தூரத்துக்கு 7.7 லீட்டர் குடிக்கும். மலைக்கான இரண்டரை லீட்டரைச் சேர்த்தால் 10.2. லீட்டருக்கு ஏழரைதான் வருகிறது. எந்த மெக்கானிக்காலும் இதைக் குறைக்க முடியாது.

திரும்பி இறங்கும்போது அந்தச் சக்தியில் ஒரு பகுதி நமக்குக் கிடைக்கும். அதே கார் 6 லீட்டர் அளவில் கண்டிக்கு வந்துவிடும், அதாவது லீட்டருக்கு 13க்குக் கிட்ட. ஒரே கார், ஒரே ரோடு, ஒரே நாள், 7.5ம் 13ம். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் 9.5. சமதரைக் கணக்கைவிடக் கொஞ்சம்தான் குறைவு. போய்த் திரும்பிய கணக்கே 7 என்று வந்தால்தான் காரைச் சந்தேகப்பட வேண்டும்.

அப்படியென்றால் சரியாக அளப்பது எப்படி?

டேங்க் முள்ளைப் பார்த்துச் சொல்வது அளவு ஆகாது. மலையில் கார் நிற்கும் சாய்வுக்கே முள் ஆடும். ஒரே பெற்றோல் செட்டில், முடிந்தால் ஒரே பம்பில், கார் சமமாக நிற்கும் இடத்தில், பம்ப் தானாக முதல் முறை நிற்கும் வரை மட்டும் அடியுங்கள். ஓடிய கிலோமீட்டரை அடுத்த முறை அடித்த லீட்டரால் வகுங்கள். ஒரு டேங்க் போதாது. நாலைந்து டேங்க் எழுதி வைத்துக் கூட்டிப் பாருங்கள். புறப்பட்ட உயரத்துக்கே திரும்பி வந்து அடிப்பது முக்கியம். "கொழும்புக்கு இறங்கினேன், 14 வந்தது" என்கிற பேச்சில் பாதி மலையின் உபயம்.

இன்னொன்று, டயர் அளவு. தொழிற்சாலையிலிருந்து 195/60 ஆர்15 போட்டு வந்த காருக்கு 205/50 ஆர்15 போட்டால் சக்கரத்தின் விட்டம் 615 மில்லிமீட்டரிலிருந்து 586க்குக் குறைகிறது. மீட்டர் உண்மையைவிட ஏறக்குறைய 5 வீதம் கூடுதலாகக் காட்டும். நீங்கள் 100 கிலோமீட்டர் ஓடியதாக நினைப்பீர்கள், ஓடியது 95. பெரிய ரிம் மாட்டி விட்டம் கூடியிருந்தால் இதற்கு நேர்மாறு. பழைய செடான்களில் முதல் நாள் போட்ட டயர் அளவு இன்றும் இருப்பது அபூர்வம், அதனால் கதவு ஓரத்து ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எவ்வளவு வந்தால் திருப்திப்படலாம்?

போய்வந்த கணக்கில் மெனுவல் கியர் சிவிக் 1500க்கு 11, 12. இரண்டு லீட்டர் டர்போ நாலு சக்கர இழுவை எவலூஷன், டபிள்யூஆர்எக்ஸ் என்றால் 7, 8. ஆறு சிலிண்டர் ஈ36க்கு 8ஐ ஒட்டி. இது பொதுவாக எதிர்பார்க்கக்கூடிய அளவு, நிதானமாக ஓட்டுபவருக்கு. உங்கள் காரின் பழைய கணக்குதான் உங்களுக்குச் சரியான அளவுகோல். போன வருடம் 8, இந்த வருடம் 6 என்றால் ஏதோ கெட்டிருக்கிறது.

உயரத்தில் காற்று மெலிந்து போவதால் செலவு கூடுமா?

இழுவை குறையும். செலவு தன்னால் கூட வேண்டியதில்லை. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அதே அளவு பலம் குறையும். 160 குதிரைச்சக்தி சிவிக் எஸ்ஐஆர் அங்கே 130 போலத்தான் நடந்துகொள்ளும். ஆனால் இன்ஜெக்‌ஷன் கார்களில் கம்பியூட்டர் காற்றை அளந்து பெற்றோலையும் குறைத்துவிடுவதால் கலவை கெடாது.

கார்பரேட்டர் வண்டிகளின் கதை வேறு. அங்கே அளப்பதற்கு ஒன்றும் இல்லை. கொழும்பில் சரிசெய்த கார்பரேட்டர் ஹட்டனுக்கு மேல் வந்தால் பெற்றோலைக் கூடுதலாகவே ஊற்றும். மலையில் நிரந்தரமாக ஓடும் காருக்கு மலையிலேயே கார்பரேட்டரை டியூன் செய்ய வேண்டும், தேவைப்பட்டால் பெற்றோல் வரும் துளையான ஜெட்டைச் சிறிதாக்க வேண்டும்.

எங்கிருந்து பழுதுபார்க்கத் தொடங்குவது?

தெர்மோஸ்டாட்டிலிருந்து, அதாவது எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்விலிருந்து. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும், ஆனால் மலைநாட்டில் நான் பார்த்த பெற்றோல் பெருந்தீனிக் கார்களில் முதல் குற்றவாளி இதுதான்.

என்ன நடந்திருக்கும் என்றால், கார் ஒரு காலத்தில் கீழ்நாட்டில் ஓடியிருக்கும். ரேடியேட்டர் துருவால் அடைத்து, எஞ்சின் சூடாகியிருக்கும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாகத் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசிவிட்டு, மின்விசிறியை எப்போதும் சுற்றும்படி நேரடியாக வயர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். கொழும்பு வெயிலில் ஒருவாறு ஓடும். அந்தக் கார் காலை 10 பாகை குளிரில் நுவரெலியாவில் ஓடினால் எஞ்சின் சூடேறவே மாட்டாது. ஹட்டனில் ஒரு கராஜில் ஒரு பழைய லான்சரின் மேல் குழாயைக் கழற்றி, மூடியின் இரண்டு போல்ட்டையும் எடுத்தபோது உள்ளே வால்வு இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த சிலிக்கன் வளையம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காரின் சூட்டு முள் இறக்கத்தில் கால்வாசிக்குக் கீழே போவதை உரிமையாளர் "நல்ல கூலிங்" என்று நினைத்திருந்தார்.

குளிர்ந்த எஞ்சினைப் பார்த்துக் கம்பியூட்டர் "இன்னும் சூடாகவில்லை" என்றே எண்ணி, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொடுக்கும் கூடுதல் பெற்றோலைத் தொடர்ந்து கொடுக்கும். பல ஒட்டோ கியர் கார்களில் எஞ்சின் சூடாகும் வரை ஓவர்டிரைவ் கியரே விழாது. எரியாத பெற்றோல் எண்ணெயோடு கலந்து எஞ்சினையும் தேய்க்கும். புதுத் தெர்மோஸ்டாட் ஒன்றின் விலை ஒரு டேங்க் பெற்றோலைவிடக் குறைவுதான். பெரும்பாலான ஜப்பான் கார்களுக்கு 82 பாகை வால்வு, எண் வால்வின் தகட்டிலேயே பொறித்திருக்கும். மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி அதில் போட்டுப் பாருங்கள், கொதி வருமுன் ஸ்பிரிங் திறக்க வேண்டும். கூடவே ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, வெறும் தண்ணீருக்குப் பதிலாகக் கூலண்ட் ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கத் தொடங்கும், மூடி அழுத்தத்தைப் பிடித்தால்தான் கொதியாமல் நிற்கும்.

தெர்மோஸ்டாட் சரி, முள்ளும் நடுவில் நிற்கிறது, ஆனாலும் குடிக்கிறது என்றால் அடுத்தது எஞ்சின் தண்ணீரின் சூட்டை அளக்கும் கூலண்ட் சென்சர். முள்ளுக்கு ஒரு சென்சர், கம்பியூட்டருக்கு வேறொரு சென்சர் உள்ள கார்கள் நிறைய. முள் சரியாகக் காட்டும்போதே மற்றது பொய் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஒட்சிசன் சென்சர் மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா, காசு பிடுங்கலா?

உண்மைதான், ஆனால் அளந்து பார்த்த பிறகு. சைலன்சர் குழாயில் இருக்கும் இந்தச் சென்சர்தான் கலவை கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று கம்பியூட்டருக்குச் சொல்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மல்டிமீட்டர் வைத்தால், அதன் வோல்ட் 0.1க்கும் 0.9க்கும் இடையில் விடாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் உறங்கினால் அல்லது சோம்பலாக நகர்ந்தால் மாற்ற வேண்டியதுதான். 100,000 கிலோமீட்டர் தாண்டியும் மாற்றாத சென்சர் என்றால் பெரும்பாலும் சோர்ந்திருக்கும்.

செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். சாவியை ஓனில் வைத்துப் பாருங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் அந்த விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை என்றால் பல்ப் கெட்டிருக்கும், அல்லது யாரோ அதைக் கழற்றிவிட்டு உங்களுக்கு விற்றிருப்பார்கள்.

கலவையை அளக்க விலை கூடிய மெஷின் வேண்டுமா?

வேண்டாம். வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனை செய்கிறோம் அல்லவா? பாஸா பெயிலா என்று மட்டும் பார்த்துவிட்டு அந்தத் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். அதில் காபனோரொட்சைட்டு எத்தனை வீதம், ஐதரோகாபன் எவ்வளவு என்று எஞ்சின் நின்ற இடத்தில் சும்மா ஓடும் ஐடிலிலும், நிமிடத்துக்கு 2,500 சுற்றிலும் அளந்து போட்டிருப்பார்கள். காபனோரொட்சைட்டு கூடுதல் என்றால் பெற்றோல் அளவுக்கு மிஞ்சி ஊறுகிறது. அது குறைவாக இருந்து ஐதரோகாபன் மட்டும் கூடுதல் என்றால் எங்கோ ஒரு பிளக்கின் தீப்பொறி சரியாக அடிக்கவில்லை, அல்லது காற்று கசிகிறது. புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிஸ்ட் நல்ல நிலையில் உள்ள இன்ஜெக்‌ஷன் காரில் காபனோரொட்சைட்டு அரை வீதத்துக்குள் நிற்கும். பழைய தாள்களைப் பத்திரப்படுத்தி ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு காரின் மருத்துவ அட்டை அது. அதைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடிப் பிடியுங்கள், மாற்றிப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு பார்ட்டாக வாங்கச் சொல்பவரிடமிருந்து தப்பித்துக்கொள்வீர்கள்.

92 ஒக்டேனா, 95 ஒக்டேனா?

எந்த எஞ்சின் என்பதைப் பொறுத்தது. ஜப்பான் சந்தைக்கு வந்த எவலூஷன், டபிள்யூஆர்எக்ஸ், விஆர்-4 போன்ற டர்போக்கள் அந்நாட்டின் உயர் ஒக்டேன் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றுக்கு நம் 95ஏ குறைந்தபட்சம். 92 ஊற்றினால் கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும், நொக் சென்சர் அந்தத் தட்டலைக் கேட்டு தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும். அப்போது இழுவை குறையும், அதே ஏற்றத்துக்கு இன்னும் ஆழமாக மிதிப்பீர்கள், 92இல் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும். எஞ்சினுக்கும் ஆபத்து.

சாதாரண பெற்றோலுக்காகச் செய்த சிவிக் 1500 போன்றவற்றுக்கு 95 ஊற்றுவதால் ஒரு மீட்டர்கூட அதிகமாக ஓடாது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தட்டலும் குறைவு, 92 கீழ்நாட்டைவிட இங்கே நன்றாகவே ஒத்துப்போகும். டர்போவுக்கு அந்தச் சலுகை இல்லை, காற்றை அது தானே அமுக்கிக்கொள்கிறது. சந்தேகம் என்றால் பெற்றோல் மூடியின் உட்புறத்து ஸ்டிக்கரைப் பாருங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சமாகுமா?

ஆகாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நம்பிக்கை உயிரை எடுக்கிறது.

இன்ஜெக்‌ஷன் காரில் கியர் விழுந்த நிலையில் பெடலிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டால், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. கம்பியூட்டர் அதைப் பார்த்து இன்ஜெக்டர்களை மூடிவிடும். அந்த நேரத்தில் பெற்றோல் செலவு பூச்சியம். நியூட்ரலில் விட்டால் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுந்துபோகும். எஞ்சின் அணையாமல் இருக்க ஐடில் பெற்றோலைக் குடிக்கும், இரண்டு லீட்டர் எஞ்சின் என்றால் மணிக்கு ஒரு லீட்டர் அளவில். ஆகவே நியூட்ரல்தான் செலவு.

நீங்களே உணர்ந்து பார்க்கலாம். லபுக்கலையிலிருந்து ரம்பொடைப் பக்கம் இறங்கும்போது மூன்றாம் கியரில், 2,500 சுற்றில், காலை எடுத்துவிடுங்கள். சைலன்சர் சத்தம் மாறி, வெறும் காற்று ஊதுவது போல் ஆகிவிடும். அடுத்த வளைவுக்குப் பிரேக் பிடித்து முள் 1,300, 1,200 என்று இறங்கும்போது காரின் மூக்கு மெல்ல முன்னால் தள்ளப்படும். இன்ஜெக்டர் மறுபடி திறந்த இடம் அதுதான். அந்தத் தள்ளல் வருமுன் ஒரு கியர் குறைத்தீர்களானால், அடிவாரம் வரை பெரும்பகுதி இறக்கத்தைப் பெற்றோல் இல்லாமலே இறங்கலாம்.

நியூட்ரலில் காரின் முழுப் பாரமும் பிரேக்கில் விழுகிறது. ரம்பொடை, நானுஓயா ராதல்ல குறுக்கு வீதி, எல்ல–வெல்லவாய ரோடு, கினிகத்தேனை இறக்கம் எல்லாவற்றிலும் பிரேக் கருகும் வாசனையை நாம் அறிவோம். பிரேக் எண்ணெய் கொதித்தால் பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. எஞ்சினை அணைத்துவிட்டு இறக்குவது அதைவிட மோசம், பிரேக்கை இலகுவாக்கும் சர்வோவும் பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். ஏறும் கியரிலேயே இறங்கு என்று லொறிக்காரர்கள் சொல்வது காருக்கும் பொருந்தும்.

ஏறும்போது எப்படி மிதிப்பது?

முழுதாக மிதிக்காதீர்கள், அதே நேரம் எஞ்சினைத் திணறவும் விடாதீர்கள். பெடல் பாதியைத் தாண்டி, முக்கால்வாசிக்குள், 2,500 சுற்றை ஒட்டி ஏறுவது பழைய எஞ்சின்களுக்கு வசதியான இடம். முக்கால்வாசியைத் தாண்டினால் கம்பியூட்டர் ஒட்சிசன் சென்சரின் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டு, எஞ்சினைக் காப்பாற்ற மேலதிக பெற்றோலை ஊற்றத் தொடங்கும். சாதாரணமாக ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று. டர்போ காற்றை முழுதாக அமுக்கும்போது, அதாவது முழு பூஸ்டில், பழைய டர்போ எஞ்சினில் அது 11 வரை இறங்கும்.

டர்போ காருக்கு பூஸ்ட் கேஜ் மாட்டியிருந்தால் அதுதான் உங்கள் பெற்றோல் மீட்டர். முள் பூச்சியத்துக்குக் கீழே நிற்கும் வரை இரண்டு லீட்டர் எஞ்சின் சாதாரணக் கார் போலத்தான் குடிக்கும். புசல்லாவையிலிருந்து மேலே முழு ஏற்றத்தையும் அப்படி ஏற முடியாது, உண்மை. ஆனால் பஸ்ஸை முந்துவதற்கு மட்டும் பூஸ்ட்டைப் பாவிப்பவருக்கும், ஒவ்வொரு வளைவிலிருந்தும் பூஸ்ட்டில் வெளியேறுபவருக்கும் இடையே லீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம் தாராளமாக வரும்.

சுற்று கூடும்போது வால்வைத் திறக்கும் கேம் மாறும் ஹொண்டா வீடெக் கார்களில் மேல் கேம் பிடிக்கும் சுற்றுக்குக் கீழே இருங்கள். மூன்று நிலை வீடெக் உள்ள சிவிக் விடிஐயில் குறைந்த சுற்றில் நிதானமாக மிதித்தால், ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு இன்டேக் வால்வு ஏறக்குறைய ஓய்வெடுத்து, சிக்கனமாக எரியும். ஒட்டோ கியர் என்றால், ஏற்றத்தில் மூன்றுக்கும் நாலுக்கும் மாறி மாறித் தடுமாறினால் ஓவர்டிரைவை ஓஃப் செய்துவிடுங்கள். ஒவ்வொரு தடுமாற்றத்திலும் டோர்க் கன்வேர்ட்டர் வழுக்கிப் பெற்றோலைச் சூடாக மாற்றுகிறது.

எல்லாவற்றையும்விட, முன்னால் பார்த்து ஓட்டுங்கள். தேயிலை லொறி ஒன்று இரண்டு வளைவுக்கு மேலே ஊர்ந்துகொண்டிருப்பது தெரிந்தால், அதன் பின்னால் போய் முட்டுவது போல் பிரேக் பிடிப்பதற்காக வேகமெடுக்காதீர்கள். ஏற்றத்தில் பிடிக்கும் ஒவ்வொரு பிரேக்கும் காசு கொடுத்து ஏற்றிய வேகத்தை வீசுவதுதான்.

பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓடும், நம் பக்கம் சாதாரணம். மழை, மூடுபனி, ஈரம், எந்நேரமும் சாய்வில் நிறுத்துவதால் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுக்கும் பழக்கம். கேபிள் துருப்பிடித்து முழுதாகத் திரும்பாது. முன் கலிப்பரின் வழுக்கும் பின்களும் இறுகிவிடும். சமமான ரோட்டில் கொஞ்ச தூரம் பிரேக்கே பிடிக்காமல் ஓடி நிறுத்தி, நாலு ரிம்மின் நடுப்பகுதியிலும் கையைக் கிட்டக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் பூசினால் போதும். இரவில் நிறுத்தும்போது முதல் கியரைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் ஹேண்ட்பிரேக்கை அவ்வளவு இறுக்கத் தேவையில்லை.

கொழும்பில் காற்றடித்த டயர் நுவரெலியாவில் இறங்கிவிடுமா?

நினைக்கும் அளவுக்கு இல்லை. 32 பாகை வெயிலில் 32 பிஎஸ்ஐ அடித்த டயர், 10 பாகை குளிரில் மூன்று பிஎஸ்ஐக்கு மேல் இழக்கும். ஆனால் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய அதே அளவு குறைவதால், கேஜில் பார்த்தால் 31.5 காட்டும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. ஆகவே சந்தேகம் டயரின் மேல் வேண்டாம், வால்வின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் டயர் சூடாகுமுன், இரண்டு கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று 40 அடிக்காதீர்கள். ஈரத் தாரில், வளைவில், பிடி போய்விடும்.

திறந்த ஏர் பில்டர் போட்டால் நல்லதா?

சத்தத்துக்கு நல்லது. பொனட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் அது உறிஞ்சும். எண்ணெய் பூசும் வகை என்றால் காற்றளவுச் சென்சரின் கம்பியில் எண்ணெய் படிந்து கலவையைக் கெடுக்கும். தொழிற்சாலைப் பெட்டியையே திரும்ப மாட்டுங்கள். அழுக்கு பில்டரால் இன்ஜெக்‌ஷன் காரில் இழுவைதான் குறையும், செலவு அவ்வளவு கூடாது. ஆனாலும் தோட்டத்து மண் ரோட்டில் ஓடுபவர்கள் நேரத்துக்கு மாற்றத்தான் வேண்டும், எஞ்சினின் ஆயுளுக்காக.

எந்த எண்ணெய்?

கையேட்டில் உள்ளது. பழைய எஞ்சின் என்பதற்காக 20டபிள்யூ-50 ஊற்றுவது பரவலாக இருக்கிறது. எண்ணெய் குடிக்காத, கம்ப்ரஷன் நன்றாக உள்ள எஞ்சினுக்கு அது தேவையில்லாத பாரம், குளிர்ந்த காலையில் ஸ்டார்ட்டரே இழுக்கச் சிரமப்படும். 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 போதும். டர்போவுக்கு நல்ல சிந்தெடிக். கியர்பொக்ஸ் எண்ணெயையும், நாலு சக்கர இழுவைக் காரில் டிஃபரென்ஷல் எண்ணெயையும் மறக்காதீர்கள். அங்கே பழைய எண்ணெயோடே ஓட்டுபவர்கள்தான் அதிகம்.

காலையில் எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும்?

அரை நிமிடம், ஒரு நிமிடம். பிறகு முள் அசையும் வரை மெதுவாக ஓட்டிப் போங்கள். பத்து நிமிடம் நின்ற இடத்தில் உறுமவிடுவது பெற்றோலுக்கும் கேடு, பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேடு. டர்போ கார் என்றால் கடும் ஏற்றம் முடிந்து கடைசிக் கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினாலே டர்போ ஆறிவிடும்.

ஏசி?

பண்டாரவளைக்கு மேலே குளிருக்குத் தேவையில்லை. ஆனால் மூடுபனியில், மழையில் கண்ணாடி வியர்த்தால் தயங்காமல் போடுங்கள். அது காற்றின் ஈரத்தை எடுப்பதால்தான் கண்ணாடி தெளிகிறது. அந்தச் செலவைக் கணக்குப் பார்க்கக் கூடாது.

ஸ்பொய்லர், சைட் ஸ்கர்ட் எடுத்தால்?

நம் வளைவுகளில் ஓடும் வேகத்துக்குக் காற்றின் எதிர்ப்பு ஒரு பொருட்டே இல்லை. எடைதான் பொருட்டு. டிக்கியில் கிடக்கும் 100 கிலோ ஸ்பீக்கர் பெட்டியும் சாமானும் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஒருமுறை ஏற, தூக்குவதற்கு மட்டும் 170 மில்லிலீட்டர் அளவு பெற்றோலைக் கேட்கும். வாரம் இரண்டு முறை போகிறவர் யோசிக்க வேண்டிய விஷயம்.

பெற்றோல் குழாயில் மாட்டும் காந்தம், தண்ணீரிலிருந்து ஐதரசன் எடுக்கும் கிட், டேங்கில் போடும் மாத்திரை?

2022இல் கிழமைக்கணக்கில் வரிசையில் நின்ற மக்களுக்கு ஒவ்வொரு சொட்டும் அருமை. அந்தத் தவிப்பை வைத்து வியாபாரம் செய்கிறார்கள். காந்தம் பெற்றோலை ஒன்றும் செய்யாது. ஐதரசன் கிட், அதைப் பிரித்தெடுக்க ஒல்டர்னேட்டரிலிருந்து எடுக்கும் சக்தியைவிடக் குறைவாகத்தான் திருப்பித் தரும். அந்தக் காசில் நாலு பிளக் வாங்குங்கள். கழற்றும் பழைய பிளக்கின் நுனியைப் பாருங்கள். வெளிர் மண்நிறம் என்றால் நலம், கரி படிந்த கறுப்பு என்றால் கலவை கூடுதல்.

காருக்குள் லேசாகப் பெற்றோல் மணக்கிறது. செலவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, ஆனால் முதலில் காரை ஓட்டுவதை நிறுத்துங்கள். இருபது, இருபத்தைந்து வருட ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கும். இன்ஜெக்டர் வளையம் கசியும். சூடான மெனிஃபோல்டில் ஒரு சொட்டு விழுந்தால் கார் மிஞ்சாது. குழாய்களை இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கான வகையில் மாற்றுங்கள், சாதாரணக் குழாய் தாங்காது.

கம்பியூட்டரை ரீமேப் செய்தால், அதாவது அதில் பதிந்த பெற்றோல் கணக்கை மாற்றினால், சிக்கனம் கிடைக்குமா?

முன்னால் இருந்தவர் பவருக்காக மேப் செய்து, பெற்றோலைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்ற விட்டிருந்தால், நல்ல டியூனர் ஒருவர் அதைத் திருத்தலாம். தொழிற்சாலை மேப்பில் ஓடும் காருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். சிக்கனத்துக்காகப் பூஸ்டில் கலவையை மெலிய வைத்தால் பிஸ்டன் உருகும். எவலூஷனின் 4ஜி63, டபிள்யூஆர்எக்ஸின் ஈஜே20 எஞ்சின்களுக்கு ஒரு பிஸ்டன் செட் என்ன விலை, அது எத்தனை மாதம் கழித்து வந்து சேரும் என்பதை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

எல்லாம் செய்தும் 8தான். விற்றுவிட்டு ஹைபிரிட் எடுக்கலாமா?

மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்று பாருங்கள். 600 கிலோமீட்டர் என்றால் இந்தக் கார் 75 லீட்டர் குடிக்கும். லீட்டருக்கு 16 ஓடும் ஹைபிரிட் 37 சொச்சம் குடிக்கும். மாதம் 38 லீட்டர் மிச்சம். அந்த 38 லீட்டரின் இன்றைய விலையை ஹைபிரிட்டுக்குக் கட்டும் லீசிங் தவணையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தவணை பல மடங்கு பெரிதாக இருக்கும். பழைய ஹைபிரிட் என்றால் பெற்றரியின் நிலையையும் அளந்து பார்க்க வேண்டும். தினமும் ஹட்டனிலிருந்து கண்டிக்கு வேலைக்குப் போய் வருபவருக்குக் கணக்கு மாறும், அவர் மாற்றுவதே நல்லது. வார இறுதியில் குடும்பத்தோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய் வரும் கார் என்றால், தெர்மோஸ்டாட், சென்சர், பிரேக் மூன்றுக்கும் செலவழித்துவிட்டு அதையே வைத்திருங்கள்.